இரண்டாவது கிண்ணம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வழியாகப் புத்தகத்தை முடித்துவிட்டேன். கமிட்டி கேட்டது நூற்றைம்பதாவது ஆண்டு விழாவுக்கு நாற்பது பக்கத்தில் ஒரு சிறு வரலாறு. எழுதி வந்திருப்பது நூறு பக்கத்துக்கு மேல். முப்பது வருடம் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதியதையெல்லாம் வெட்டித் தள்ளினேன், சொந்த எழுத்தென்றதும் கத்தரி நகர மாட்டேன் என்கிறது.

பிரதி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். முதல் குருவானவர் கப்பலில் வந்து இறங்கியது, வெள்ளிக் கிண்ணத்தைத் தன் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்தது, மரக் கோயில் எரிந்தது, கல் கோயில் எழும்பியது எல்லாம் வந்திருக்கிறது. அப்பா செயலாளராக இருந்த காலத்துக்குத் தனி அத்தியாயம். அதைப் படிக்கும்போது உனக்குக் கண் கலங்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். கோயில் வாசலில் பிஷப்போடு அப்பா நிற்கும் படத்தில் வலது ஓரத்தில் தொப்பியோடு இருப்பவர் யார் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியும்.

பிழை இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுது. அச்சகத்துக்காரன் இப்போதே நச்சரிக்கிறான். விழாவுக்கு வரும்போது உன் வீட்டில்தான் தங்கப் போகிறேன். மாடி அறையில் நீ போட்டு வைத்திருக்கும் துணி மூட்டைகளைக் கொஞ்சம் ஒதுக்கி வை.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

முன்னால் "அன்புள்ள" இல்லையே, மறந்துவிட்டாளோ என்று நினைக்காதே. தெரிந்துதான் விட்டேன்.

உன் புத்தகத்தைக் கடையில் துணி வெட்டும் மேசையிலேயே வைத்துப் படித்தேன். பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டுப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். மரக் கோயில் எரிந்த இடத்தில் புகை மூக்கில் ஏறியது. அதற்கு அப்புறம் உனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "அருகிலுள்ள குவாரியிலிருந்து கல் கொண்டுவரப்பட்டது" என்கிறாய். கொண்டுவந்தது யார்? கல் தானாக உருண்டு வந்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்ததா? சரி, அதை விடு. எழுபத்தோராம் பக்கத்துக்கு வா.

"அவ்வாண்டில் பரவிய விஷக் காய்ச்சலை முன்னிட்டு, சபையாரின் உடல்நலம் கருதி, திருவிருந்தில் இரண்டாவது கிண்ணம் ஏற்படுத்தப்பட்டது."

அவ்வளவுதான். ஒரே வரி. இதை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

உனக்கு அப்போது ஏழு வயது. எனக்குப் பன்னிரண்டு. புது ரோடு போடுவதற்குக் கல் உடைக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட குவாரிக்காரர்கள் ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டு கேட்டுவிட்டுப் போனார்கள். பிஷப் வந்து அவர்கள் தலையில் கை வைத்துத் திடப்படுத்தியது ஒரு சனிக்கிழமை. அதாவது, மறுநாள் முதல் அவர்களும் திருவிருந்தில் நம்மோடு மண்டியிட்டு அப்பமும், எல்லாரும் வாய் வைக்கும் ஒரே கிண்ணத்தில் திராட்சை ரசமும் வாங்கலாம். அந்த மறுநாள் காலையில் அம்மா திருவிருந்து மேசையை விரித்துக்கொண்டிருந்தாள். நான் மடித்த துணிகளை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்பா காகிதத்தில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்தார். பிரித்தால் பித்தளைக் கிண்ணம். உள்ளே முலாம் பூசியது, புதுசு.

"இது இடது பக்கத்துக்கு," என்றார்.

"இடது பக்கத்துல யாரு?" என்றாள் அம்மா.

"உனக்குத் தெரியாதா?"

இவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து பழைய குடும்பங்கள் வலது பக்கம் வெள்ளியில் குடித்தன. குவாரிக்காரர்கள் இடது பக்கம் பித்தளையில் குடித்தார்கள். காய்ச்சல் முந்தின மழைக்காலத்திலேயே வந்து போயிருந்தது. அதில் செத்துப்போன இரண்டு பேரும் வலது பக்கத்துக்காரர்கள். காய்ச்சலுக்குப் பயந்தால் நம்மைப் பார்த்துத்தானே அவர்கள் பயந்திருக்க வேண்டும்?

இன்றைக்கும் அப்படியேதான் நடக்கிறது. பழத்தோட்டங்களை விற்றுவிட்டு நம் ஆட்களின் பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள். தோட்டம் இருந்த இடத்தில் கிடங்குகள். வலது பக்கம் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் கிழடுகள். குவாரி மூடி, அவர்கள் பிள்ளைகள் கிடங்கிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கிறார்கள். இடது பக்கம் நிற்க இடமில்லை. ஆனாலும் கிண்ணம் இரண்டுதான். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கால்கள் தானாக அந்தந்தப் பக்கம் போய்விடுகின்றன.

அந்த வரியை எடுத்துவிட்டு நடந்ததை எழுது. அப்பா பெயரைப் போட்டு எழுது. இல்லையென்றால் என் மாடி அறை காலியில்லை.

படத்தில் தொப்பி போட்டவர் மரக்கடை மாமாவின் அப்பா.

உன் அக்கா


ஜனவரி 26

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுதினால் ஏதாவது தவறாக எழுதிவிடுவேன் என்று ஒரு வாரம் பேனாவைத் தொடவில்லை. கோபம் தணிகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு வயதில் நீங்கள் துணி ஏந்திக்கொண்டு காதில் வாங்கிய நாலு வார்த்தை வரலாறு ஆகாது. கமிட்டித் தீர்மானத்தில் "சுகாதாரம் கருதி" என்றுதான் இருக்கிறது. தீர்மானத்தை எழுதியதே அப்பாதானே என்பீர்கள். செயலாளர் எழுதாமல் வேறு யார் எழுதுவார்?

குவாரிக்காரர்களைச் சபையில் சேர்க்க வேண்டும் என்று கமிட்டியில் ஒற்றை ஆளாக நின்றவர் யார்? அவர்கள் குழந்தைகளைச் சபைப் பள்ளியில் உட்காரவைத்தவர் யார்? "அவங்க உள்ள வந்தா நாங்க வெளிய போறோம்" என்று அந்தத் தொப்பிக்காரர் எழுந்து நின்று கத்தினாரே, அப்பா அந்தக் கிண்ணத்தை வாங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சபை அன்றைக்கே உடைந்திருக்கும். குவாரிக்காரர்கள் வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்கள். அவர்களை உள்ளே கொண்டுவர அப்பா கொடுத்த விலை அது.

முப்பது வருடம் சம்பளமில்லாமல் உழைத்த மனிதரை, அவர் போய்ச் சேர்ந்த பிறகு, பெற்ற மகளே சந்தியில் நிறுத்தச் சொல்கிறீர்கள். அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை உங்களை எழுத விட்டிருக்க மாட்டார். மாதாமாதம் இரண்டு கிண்ணத்தையும் தேய்த்துத் துடைத்து வைத்தது அம்மாதான். ஒரு நாள் முகம் சுளித்திருப்பாரா?

அந்த வரி அப்படியேதான் இருக்கும்.

தங்கள் தம்பி


பிப்ரவரி 4

தம்பிக்கு,

கோபம் வந்தால் உனக்கு மரியாதை வந்துவிடும். சின்ன வயதில் என்னிடம் அடி வாங்கும்போதும் "நீங்க என்னை அடிக்காதீங்க" என்றுதான் அழுவாய். இந்த "நீங்கள்" எனக்கு வேண்டாம், உன் ஆபீசிலேயே வைத்துக்கொள்.

கடிதத்தின் ஆரம்பத்தில் காரணம் சுகாதாரம். பத்து வரி தள்ளி, சபை உடையாமல் இருக்க அப்பா கொடுத்த விலை. நடுவில் காய்ச்சல் எங்கே போயிற்று? உனக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அந்த வரியை எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொன்று, விலை கொடுத்தது அப்பா என்கிறாய். அப்பாவின் கையிலிருந்து என்னப்பா போயிற்று? அவர் வெள்ளியில்தானே குடித்தார்?

இப்போது அம்மாவைப் பற்றிப் பேசலாம். நீயாக இழுத்தாய்.

அம்மா எத்தனை தடவை மண்டியிட்டு அந்தக் கிண்ணத்தில் குடித்துப் பார்த்திருக்கிறாய்? யோசி. எல்லாரும் எழுந்து முன்னால் போவார்கள், அம்மா மூன்றாவது பெஞ்சில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று நீ கேட்டதற்கு, "அம்மாவுக்குத் தொண்டை, ரசம் ஒத்துக்காது" என்று அப்பா சொன்னார். நீயும் நம்பினாய். அம்மாவின் தொண்டைக்கு ஒரு கேடும் கிடையாது. என் கல்யாணத்தில் மேல் சுரத்தில் பாடினவள் அவள்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சாகும்வரை அவள் திருவிருந்து எடுக்கவில்லை. கிண்ணத்தைத் தேய்த்தாள், துணியைப் பெட்டி போட்டாள், மேசையை விரித்தாள், வந்து உட்கார்ந்துகொண்டாள். அப்பா கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். "கிண்ணம் ஒண்ணாகட்டும், வர்றேன்" என்பாள். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

கடைசி நாளில் குருவானவர் வீட்டுக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஆபீசோடு போனில் பேசிக்கொண்டு வாசலில் நின்றாய். "எல்லாரும் குடிச்ச கிண்ணமா?" என்று கேட்டாள். "இல்லைம்மா, இது சுகமில்லாதவங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கிறது," என்றார் அவர். அம்மா வாயை மூடிக்கொண்டாள். குடிக்கத் தெம்பில்லை என்று நீ எல்லாருக்கும் சொன்னாய். தெம்பெல்லாம் இருந்தது.

உன் புத்தகத்தில் அவளை "பக்தியும் பணிவும் மிக்க இல்லத்தரசி" என்று எழுதியிருக்கிறாய். பணிவாம்.

உன் அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

பிரதி போன வெள்ளிக்கிழமையே அச்சுக்குப் போய்விட்டது. எழுபத்தோராம் பக்கத்தில் எதையும் மாற்றவில்லை.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதை நான் நம்பவில்லை. அம்மாவுக்குத் தொண்டை சரியில்லைதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இறந்தவர் வந்து மறுக்க மாட்டார் என்கிற தைரியத்தில் உன் கோபத்தையெல்லாம் அவர் வாயில் வைக்கிறாய்.

விழாவுக்கு வருகிறேன். கமிட்டி கூப்பிட்டிருக்கிறது, பிஷப் கையால் புத்தகம் வெளியிடுகிறார்கள், அதற்காக. பஸ் நிலையத்துக்கு எதிரில் உள்ள விடுதியில் அறை எடுத்துவிட்டேன். உன் மூட்டைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். விழா முடிந்து உன்னைத் தேடினேன். மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்று கோயில் பெருக்குகிறவர் சொன்னார்.

அலமாரியைத் திறந்து வெள்ளிக் கிண்ணத்தை மட்டும் வெளியே எடுத்தது நான்தான். பித்தளையை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன். அம்மாவுக்குப் பிறகு அந்தச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. என்றைக்கோ செய்திருக்க வேண்டியதை அன்றைக்குச் செய்தேன். நம் குருவானவர் சின்னப் பிள்ளை, பாவம், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டாவது எங்கேம்மா?" என்று உதட்டை அசைத்தார். "ஒண்ணு போதும்," என்றேன். பிஷப்புக்கு எதுவும் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

மரக்கடை மாமா குடும்பத்தோடு எழுந்து வெளியே போனதை நீயும் பார்த்தாய். போகட்டும். அவர் அப்பா அன்றைக்குப் போகிறேன் போகிறேன் என்று பயம் காட்டினார், இவர் இன்றைக்குத்தான் போனார். கூரை இடிந்து விழவில்லை. மிச்சப்பேர் எழுந்து வந்தார்கள். நான் முதல் ஆளாக மண்டியிட்டேன். நீ வருவாய் என்று பக்கத்தில் இடம் விட்டிருந்தேன்.

நீ வரவில்லை. மரக்கடை மாமா மாதிரி வெளியே போயிருந்தாலும் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. மூன்றாவது பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாய். கோயில் முழுக்க வந்து குடித்துவிட்டுப் போயிற்று. பிஷப் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உன் பக்கம் ஒரு நிமிடம் பார்த்தார். நீ தரையைப் பார்த்தாய்.

அம்மா உட்கார்ந்த பெஞ்சு அது. அம்மா நாற்பது வருடம் எழுந்திருக்காதது கிண்ணம் இரண்டானதற்காக. அது ஒன்றான அன்றைக்கு அவள் பெற்ற பிள்ளை அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

யாருக்குப் பின்னால் குடிப்பது என்று யோசித்து நான் உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்கிறாயா? அப்படி நினைத்தால் அறுபது வருடமாக நீ என்னைத் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். பத்திரிகை கேன்டீனில் எத்தனை பேர் எச்சில் டம்ளரில் நான் குடித்திருப்பேன் என்று உனக்குத் தெரியுமா?

நான் எழுந்திருக்காததற்குக் காரணம் நீ. அந்த மேசையில் நீ வைத்தது எனக்கு ஒரு பதில். ஜனவரியிலிருந்து கடிதத்தில் ஜெயிக்க முடியாததை அங்கே வைத்து ஜெயிக்கப் பார்த்தாய். நான் எழுந்து வந்து குடித்தால் ஊர் முன்னால் அப்பாவைக் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். உட்கார்ந்திருந்தால் நான் குவாரிக்காரர்களை ஒதுக்குகிறவன். இரண்டு பக்கமும் சுவர் வைத்துவிட்டு நடுவில் என்னை நிறுத்தினாய். ஆண்டவருடைய மேசை அக்கா அது. உன் கடையில் துணி வெட்டுகிற மேசை இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கேள். அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஒரு காலையில் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார் என்று எழுதினாயே. நீ யாரைக் கேட்டு எடுத்தாய்? அப்பா முகம் எனக்கு வந்திருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். குணம் முழுசாக உனக்குத்தான் வந்திருக்கிறது.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

சந்தோஷப்படு. உனக்குத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

இப்போதைய சபைச் செயலாளரை விழாவில் பார்த்திருப்பாய். ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதன்முதலில் திடப்படுத்தப்பட்ட குவாரிக்காரர்களில் ஒருவருடைய பேத்தி. நேற்று வேலை முடிந்து அதே சீருடையோடு கடைக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"ஆன்ட்டி, அன்னைக்கு ஒரே கிண்ணம் வெச்சீங்களே, யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"இதுக்கு யாரைக் கேக்கணும்? உங்களுக்காகத்தானே வெச்சேன்."

"அதைத்தான் கேக்குறேன். எங்களுக்காக வெச்சீங்க, எங்ககிட்ட கேக்கலை. உங்க அப்பா ரெண்டாவதைக் கொண்டு வந்தப்பவும் எங்ககிட்ட கேக்கலை. நாங்க எதுல குடிக்கணும்னு எப்பவும் உங்க வீட்டுலதான் முடிவு பண்ணுவீங்களா?"

உன் கடிதம் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களோ என்றுகூட நினைத்தேன். கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எங்க தாத்தா, எங்க அப்பா, நான், எல்லாரும் அந்தப் பித்தளையிலதான் குடிச்சோம். எங்க அப்பா கடைசியா குடிச்சது அதுல. அதை அலமாரியில தள்ளிப் பூட்டிட்டு, இனிமே வெள்ளியில குடிங்கன்னா என்ன அர்த்தம் ஆன்ட்டி? அது எச்சில்னுதானே?"

"அப்படி நான் நினைக்கலைம்மா."

"சரி. அன்னைக்கு முதல்ல குடிச்சது யாரு? நீங்க. உங்க பக்கம் எல்லாரும் முடிச்ச பிறகுதான் எங்க பக்கம் வந்துச்சு. எங்க வாய் பட்டதை உங்க பக்கத்துல ஒருத்தரும் தொடலை. கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை.

கமிட்டியில் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இனிமேல் கிண்ணம் ஒன்று. அது பித்தளை. வெள்ளி அலமாரியில் இருக்கும். திருவிருந்துக்குப் பின் பெஞ்சிலிருந்து எழுந்து வர வேண்டும், முன் பெஞ்சு கடைசி. அலமாரிச் சாவி இனி கமிட்டியிடம். கையை நீட்டினாள், கொடுத்தேன். உன் புத்தகத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அப்படியே குடுப்போம். அது உங்க வீட்டு நினைப்பு. எங்களுதை நாங்க எழுதிக்கிறோம்," என்றாள்.

போன பிறகு அழுதேன். ஆத்திரத்தில்தான். அவர்களுக்காக ஊர்ப்பகையைத் தேடிக்கொண்டவள் நான். மரக்கடை மாமா வீட்டில் என் முகத்தில் முழிப்பதில்லை. தம்பி எனக்கில்லை என்று ஆகிவிட்டது. இவள் வந்து என்னையும் அப்பாவையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டுப் போகிறாள். கட்டியது சரியா தவறா என்று யோசிக்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை.

அக்கா


மார்ச் 29

அக்கா,

சாவியை வாங்கிவிட்டார்களா? நம் வீட்டுச் சாவியையா?

உன்னோடு எனக்குச் சண்டை உண்டு, அது வேறு. முதலில் அம்மா, பிறகு நீ, காலணா வாங்காமல் அந்தத் துணியைத் துவைத்துப் பாத்திரம் தேய்த்திருக்கிறீர்கள். நேற்று வந்தவர்கள் கையை நீட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுவதா? பிஷப்புக்கு நான் எழுதுகிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை சொல், போதும். அந்தப் பெண்ணுக்கு உன் வயதில் பாதி இருக்குமா?

சாப்பிடாமல் கிடக்காதே.

தம்பி


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

பிஷப்புக்கு எழுதாதே. எழுதியிருந்தால் திரும்ப வாங்கிக்கொள். அது நம் வீட்டுச் சாவி இல்லை. சபை அலமாரியின் சாவி நம் வீட்டில் மாட்டிக்கொண்டு கிடந்தது. நேற்று வந்தவர்கள் என்கிறாய், அவர்கள் வந்தபோது உனக்குப் பால் பல் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

கமிட்டி சொன்னபடி பின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தேன். ஆத்திரம் ஆறவில்லை. ஆனாலும் ஒன்று நடந்திருக்கிறதே, அம்மா கேட்ட ஒன்று, அதற்காக எழுந்து போனேன். முட்டிக்கால் வலியோடு மெதுவாகப் போய் ஓரத்தில் மண்டியிட்டேன். எனக்கு முந்தின ஆள் குவாரியில் வெடி வைத்தவருடைய மனைவி. எண்பது வயதுக்கு மேலே இருக்கும், வாயில் பல் இல்லை. உதடு நடுங்க நடுங்க மெதுவாகக் குடித்தார். நர்ஸ்தான் அன்றைக்குக் கிண்ணம் கொடுத்தாள். வாங்கி, விளிம்பைத் துணியால் துடைத்து, என்னிடம் நீட்டினாள். அந்தத் துணி நான் வெட்டி, நான் ஓரம் அடித்து, நான் வெந்நீரில் துவைத்த துணி. அது எவ்வளவு சுத்தம் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

எத்தனையோ வருடமாக அந்தக் கிண்ணத்தைத் தேய்த்திருக்கிறேன். அதில் ஒரு நாளும் வாய் வைத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கியதும் என் கை அதைத் திருப்பியது. கொஞ்சம்தான். பாட்டி வாய் வைத்த இடம் எனக்கு எதிர்ப்பக்கம் போகிற அளவுக்கு. நினைத்துச் செய்யவில்லை தம்பி. நினைப்பதற்குள் செய்து முடித்திருந்தேன்.

நர்ஸ் பார்த்தாள். முகம் மாறவில்லை. எல்லாருக்கும் சொன்ன வார்த்தையை எல்லாருக்கும் சொன்ன அதே குரலில் எனக்கும் சொன்னாள். நான் குடித்தேன். எழுந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பாமேல், உன்மேல், மரக்கடை மாமாமேல் இத்தனை வருடம் நான் பட்ட கோபம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அன்றைக்கு என்மேல் வந்த கோபத்தில் பாதி தேறாது.

நீ பெஞ்சில் உட்கார்ந்ததை ஊரே பார்த்தது. நான் மண்டியிட்டேன், பார்த்தவர்களெல்லாம் நல்ல மனுஷி என்று நினைத்திருப்பார்கள். அந்த ஒருத்திக்கு மட்டும் தெரியும். இப்போது உனக்கும்.

அடுத்த மாதமும் போவேன். அந்தப் பாட்டிக்கு அடுத்த ஆளாகத்தான் மண்டியிடுவேன். கை மறுபடியும் திருப்பினால் திருப்பட்டும், அதற்கடுத்த மாதமும் போவேன்.

அப்பாவை எழுது எழுது என்று உன்னை விரட்டினேன். இப்போதும் எழுது என்றுதான் சொல்கிறேன், மறுபதிப்பு என்று ஒன்று வந்தால் நடந்ததை எழுது. ஆனால் அப்பாவோடு நிறுத்திவிடாதே. அவர் அந்தக் கிண்ணத்தை வாங்கி வந்தார் என்று எழுதுகிற அதே இடத்தில், அவருடைய மகள் அதைக் கையில் வாங்கித் திருப்பினாள் என்றும் எழுது. "திருப்பப்பட்டது" என்று எழுதாதே. என் பெயரைப் போட்டு எழுது.

உன் அக்கா